எல்லைக்கோட்டைக் கூண்டில் ஏற்றுபவருக்கு ஓர் எதிர்வினை

கடந்த இதழில் வெளிவந்த குர்திஷ் போர் பற்றிய கட்டுரை எங்கள் ஊரில் தொடங்குகிறது. கட்டுரையாளர் கொழும்பிலிருந்து கண்டிக்குக் காரில் வருகிறார். கடுகண்ணாவைக் கணவாயில் டோசன் கோபுரத்தைக் கண்டதும் அவருக்கு ஞானம் பிறக்கிறது. ஆங்கிலேயன் பாறையைக் குடைந்து பாதை போட்டான், மலைக்குப் பின்னால் மறைந்திருந்த கண்டி அடங்கிப்போனது என்கிறார். அங்கிருந்து ஒரே தாவலாகத் துருக்கி, ஈராக் எல்லைக்குப் போய்விடுகிறார்.

அவர் சொல்வது மூன்று விடயங்கள். குர்திஷ் ஆயுதப் போர் நாற்பது வருடங்கள் நீண்டதற்குக் காரணம் எல்லைக்கு அப்பால் கிடைத்த மறைவிடம். ஈராக்கின் கண்டீல் மலை இல்லாவிட்டால் அது நாலு மாதத்தில் முடிந்திருக்கும். இரண்டாவதாக, எல்லையைத் தாண்டி அடிக்கத் துணிந்த அரசே வெல்லும். அந்தப் போரை நடத்திய குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி 2025இல் தன்னைக் கலைத்துக்கொண்டது துருக்கியின் எல்லைதாண்டிய படை நடவடிக்கைகளுக்குக் கிடைத்த பரிசு. மூன்றாவதாக, இதற்கெல்லாம் முன்மாதிரி இலங்கை. 2009இல் நாம் செய்து காட்டியதை உலகம் எங்களிடம் படிக்க வேண்டும்.

மூன்றும் பிழை. முதற்பிழை அவர் காரை நிறுத்திய இடத்திலேயே நடந்துவிட்டது.

கடுகண்ணாவைப் பாதை வேலை ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820இல் தொடங்கியது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது 1815இல். ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி வெடித்தது 1817இல், அடக்கப்பட்டது 1818இல். பாதை போட்டதால் கண்டி விழவில்லை. கண்டி விழுந்த பிறகு, கிளர்ச்சியும் ஓய்ந்த பிறகு போட்ட பாதை இது. அதை நிர்மாணித்த கப்டன் டோசன் 1829இல் இறந்துபோக, அவர் நினைவாக 1832இல் கோபுரம் எழும்பியது. ஊருக்கு வருகிற பாடசாலைப் பிள்ளைகளே கேட்டுத் தெரிந்துகொள்கிற வருடக்கணக்கு இது. காரியம் முந்தி, காரணம் பிந்தி என்று எழுதுபவரின் கையில் மத்திய கிழக்கு என்ன பாடுபடும் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

மலைதான் கண்டியைக் காத்தது என்பதிலும் பாதிதான் உண்மை. கடுகண்ணாவைக்குப் பக்கத்தில்தான் பலனைக் கோட்டை இருந்தது. தாழ்நிலத்திலிருந்து வரும் படையைக் கண்டியர் அங்கிருந்து கண்காணித்தார்கள். ஆனால் படைகள் வராமலா போயின? 1594இல் போர்த்துக்கேயத் தளபதி பேத்ரோ லோபெஸ் டி சௌசா கண்டி நகருக்குள்ளேயே போனார். ஊரும் படைத்துணையும் கைவிட, தந்துரேயில் அவருடைய சேனை அழிந்தது. 1765இல் ஒல்லாந்தர் நகரைப் பிடித்தார்கள். தங்க முடியாமல் திரும்பினார்கள். 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஜூனில் அவர்களுடைய காவற்படை அடியோடு அழிந்தது. நகரைப் பிடிப்பது ஒவ்வொரு தடவையும் முடிந்தது. நாட்டைப் பிடிப்பதுதான் முடியவில்லை.

1815இல் மட்டும் எப்படி முடிந்தது? மலையும் காடும் பன்னிரண்டு வருடங்களில் இடம் மாறிவிடவில்லை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தன் பிரதானிகளை இழந்திருந்தான். அவர்களில் ஒருவரான எஹலேபொல ஆங்கிலேயர் பக்கம் போயிருந்தார். அரசனுக்காகச் சண்டைபிடிக்க ஆள் இல்லாத நாட்டுக்குள் படை நடந்து வந்தது. மார்ச் 2ஆம் திகதி உடன்படிக்கை எழுதப்பட்டது: பௌத்த மதம் காக்கப்படும், பிரதானிகளின் உரிமையும் பழைய வழமைகளும் காக்கப்படும். கொடுத்த வாக்கு நாளுக்கு நாள் தேய்ந்ததும் இரண்டே வருடத்தில் வெல்லஸ்ஸ பற்றியெரிந்தது. அடக்குவதற்கென்று ஆங்கிலேயர் அனுப்பிவைத்த பிரதானி கெப்பெட்டிபொல, போன இடத்தில் கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டார். வயலையும் வீட்டையும் கொளுத்தித்தான் அதை அடக்கினார்கள். 1818 நவம்பரில் கெப்பெட்டிபொலவின் தலை கண்டியில் வெட்டப்பட்டது. அவரைத் துரோகி என்று பிரகடனம் செய்த ஏட்டை 2016இல் இலங்கைச் சனாதிபதி இரத்துச் செய்து தேசிய வீரர் என்று அறிவித்தார்.

பாதை போட்ட பிறகாவது கலகம் ஓய்ந்ததா? 1848இல் மாத்தளையில் மீண்டும் எழுந்தது. அதற்கான காரணங்களில் ஒன்று ஆளுநர் டொரிங்டன் கொண்டுவந்த பாதைச் சட்டம். வருடத்தில் ஆறு நாள் பாதையில் உழை, இல்லையேல் காசு கட்டு என்றது அது. கட்டுரையாளர் கிளர்ச்சிக்கு மருந்து என்று காட்டிய பாதையே அடுத்த கிளர்ச்சிக்கு நெருப்புப்பொறியாயிற்று. எங்கள் ஊரைச் சாட்சிக்கு இழுத்தவர் சாட்சியை முதலில் விசாரித்திருக்க வேண்டும்.

இனித் துருக்கிக்கு வருவோம்.

குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி 1978 நவம்பரில் தொடங்கப்பட்டது லிஜேக்கு அருகே ஒரு கிராமத்தில். அந்த ஊர் தியார்பகிர் மாகாணத்தில், துருக்கிக்கு உள்ளே இருக்கிறது. 1984 ஓகஸ்ட் 15இல் அவர்கள் முதலில் தாக்கிய எரூஹ், ஷெம்டின்லி இரண்டும் துருக்கியின் நகரங்கள். 1980 இராணுவச் சதிக்குப் பிறகு குர்திஷ் இளைஞர்களை அடைத்து வதைத்த தியார்பகிர் இராணுவச் சிறை ஈராக்கில் இல்லை. அந்தச் சிறையிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களில் எத்தனையோ பேர் நேரே மலைக்குப் போனார்கள். அவர்களை மலை அழைத்ததா, சிறை அனுப்பியதா?

1983இல் துருக்கி இயற்றிய 2932ஆம் இலக்கச் சட்டம் குர்திஷ் மொழியில் எழுதுவதையும் வெளியிடுவதையும் தடைசெய்தது. சட்டத்தில் குர்திஷ் என்ற பெயர்கூட இல்லை. துருக்கி அங்கீகரித்த நாடுகளின் முதல் அரசகரும மொழி அல்லாத மொழிகள் என்று சுற்றிவளைத்து எழுதினார்கள். பெயரைச் சொன்னால் அப்படி ஒரு மொழி இருப்பதாக ஒப்புக்கொண்டதாகிவிடுமே! 1991இல் அந்தச் சட்டம் நீங்கியது. அதே வருடம் பாராளுமன்ற உறுப்பினராகப் பதவியேற்ற லெய்லா ஸானா, துருக்கி மொழியில் சத்தியப்பிரமாணம் எடுத்து, முடிவில் இரு மக்களின் சகோதரத்துவம் பற்றி ஒரு வசனத்தைக் குர்திஷில் சேர்த்தார். சபையே கொதித்தது. 1994இல் அவருடைய சிறப்புரிமை பறிக்கப்பட்டது. பத்து வருடங்கள் சிறையில் கழிந்தன. அவர் கையில் துப்பாக்கி இல்லை. எந்த எல்லையையும் அவர் தாண்டவில்லை. வாக்குப்பெட்டி வழியாக வந்து ஒரு வசனம் பேசியவரை உள்ளே தள்ளிவிட்டு, ஏன் பிள்ளைகள் மலைக்குப் போகிறார்கள் என்று ஆச்சரியப்படுவது பெரிய நாடகம்.

தொண்ணூறுகளில் தென்கிழக்குக் கிராமங்களை அரசு காலிசெய்தது. துருக்கிப் பாராளுமன்றத்தின் ஆணைக்குழுவே 1998இல் கொடுத்த கணக்கில் 3,428 கிராமங்களும் குடியிருப்புகளும், 3,78,335 பேரும் வருகிறார்கள். மனித உரிமை அமைப்புகள் சொன்ன கணக்கு இதிலும் பல மடங்கு. மறைவிடத்தை ஒழிக்கிறோம் என்று செய்த வேலை இது. அந்தச் சனம் தியார்பகிரின், இஸ்தான்புலின் சேரிகளுக்கு மூட்டை முடிச்சோடு போனது. மலைக்கிராமத்தில் இருந்த பிரச்சினையை அரசே லொறியில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவந்து இறக்கியது.

எல்லையைத் தாண்டி அடிக்கத் துணிவு வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். துருக்கிக்கு அந்தத் துணிவு எப்போது இல்லாமல் இருந்தது? எரூஹ் தாக்குதலுக்கு ஒரு வருடம் முன்னரே, 1983 மே மாதத்தில், துருக்கிப் படை ஈராக்குக்குள் போயிருந்தது. 1984இல் சதாம் ஹுசைனின் அரசோடு செய்த உடன்பாடு ஐந்து கிலோமீற்றர் வரை துரத்திச் செல்ல இடம் கொடுத்தது. 1992இல் ஈராக்கியக் குர்திஷ் படைகளையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு போனார்கள். 1995 மார்ச்சில் ஏறத்தாழ 35,000 படையினர் போனார்கள். 1997இல் மறுபடியும். 2008 பெப்ரவரியில் பனிக்காலத்தில் எட்டு நாள். 2019 தொடங்கி ‘நகம்’ என்ற பெயரில் வரிசையாக நடவடிக்கைகள். 2022 ஏப்ரலில் ‘நகப்பூட்டு’. வேரை அறுத்தாயிற்று என்றால் ஒரே வேரை நாற்பது வருடமாக எத்தனை தரம் அறுப்பது?

2008 பெப்ரவரி நடவடிக்கை முடிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஒக்டோபர் தொடக்கத்தில் எல்லையோர அக்டுடுன் காவல்நிலையம் தாக்கப்பட்டு பதினைந்துக்கும் மேற்பட்ட துருக்கிச் சிப்பாய்கள் செத்தார்கள். அதையும் எல்லையின் கணக்கில் எழுதலாம். 2015இன் கணக்கை எங்கே எழுதுவது? 2013 நவ்ரோஸ் புத்தாண்டு நாளில் சிறையிலிருந்த கட்சித் தலைவர் ஒஜலானின் செய்தியோடு வந்த சமாதான முயற்சி 2015 ஜூலையில் முறிந்தது. அதற்குப் பிறகு தொண்ணூறுகளுக்குப் பிந்திய மிக மோசமான சண்டை நடந்தது ஜிஸ்ரேயில், தியார்பகிரின் பழைய நகரான சூரில், நுசைபினில். எல்லாம் துருக்கியின் தெருக்கள். அகழி தோண்டிக்கொண்டு நின்ற பையன்களில் பலர் கண்டீல் மலையைக் கண்ணாலும் கண்டிராதவர்கள். கிராமங்களை இழந்து நகருக்கு வந்தவர்களின் பிள்ளைகள். இடம்பெயர்ந்தோர் தொகை ஐந்து இலட்சம் வரை இருக்கலாம் என்றது ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம். உள்ளூர்த் தெருவில் மூண்ட சண்டைக்கு எந்த எல்லையைப் பூட்டுவது?

கட்டுரையாளரின் கையில் ஒரு வலுவான சீட்டு உண்டு. அவர் அதை எடுத்து வீசவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நானே எடுத்து வைக்கிறேன்.

1975 மார்ச் 6இல் அல்ஜியர்ஸில் ஈரானின் ஷாவும் ஈராக்கின் சதாமும் கை குலுக்கினார்கள். அதுவரை முல்லா முஸ்தபா பார்சானியின் கிளர்ச்சிக்குத் துணைநின்ற ஈரான் கையை விரித்தது. சில வாரங்களுக்குள் கிளர்ச்சி குலைந்தது. பல்லாயிரம் பேர் ஈரானுக்குள் அகதிகளாக ஓடினார்கள். எல்லையைப் பூட்டினால் போர் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. ஆனால் கதை மார்ச்சில் முடியவில்லை. அதே வருடம் ஜூனில் ஜலால் தாலபானி புதிய கட்சி தொடங்கினார். அடுத்த வருடமே துப்பாக்கிகள் மலைக்குத் திரும்பின. பதின்மூன்று வருடம் கழித்து, 1988 மார்ச் 16இல், ஹலப்ஜாவில் சதாமின் விமானங்கள் நச்சுவாயுவைக் கொட்டி ஏறக்குறைய ஐயாயிரம் பேரைக் கொன்றன. அப்போதும் முடியவில்லை. 2005இல் ஈராக்கின் புதிய அரசியலமைப்பு குர்திஸ்தான் பிராந்தியத்தை ஏற்று, அரபுடன் குர்திஷையும் அரசகரும மொழியாக்கியது. அதே தாலபானி ஈராக்கின் சனாதிபதி ஆசனத்தில் அமர்ந்தார். பாக்தாத்துக்கும் எர்பிலுக்கும் இடையே எண்ணெய்க்கும் கிர்குக்குக்கும் ஆன வழக்கு இன்றும் உண்டு; 2017இல் கைகலப்பும் நடந்தது. ஆனால் முப்பது வருடம் நீண்ட கெரில்லாப் போர் திரும்பி வரவில்லை. மலையும் எல்லையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மாறியது அரசியலமைப்பு.

இரண்டாவது உதாரணம் 1998. துருக்கி போர் மிரட்டல் விடுக்க, சிரியா ஒஜலானை வெளியேற்றி அதானா உடன்பாட்டில் கையெழுத்திட்டது. நாடு நாடாக அலைந்தவர் 1999 பெப்ரவரியில் நைரோபியில் பிடிபட்டார். அமைப்பு போர்நிறுத்தம் அறிவித்து ஆட்களை எல்லைக்கு வெளியே எடுத்தது. மறைவிடம் போனது, தலைவர் போனார், தாக்குதலும் நின்றது. கட்டுரையாளர் கேட்கும் வரம் மொத்தமும் அங்காராவுக்கு ஒரே வருடத்தில் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ஐந்து வருடத்தில் என்ன செய்தார்கள்? மரணதண்டனையை நீக்கினார்கள், அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வாரத்துக்குச் சில நிமிடம் குர்திஷ் ஒலிக்க விட்டார்கள். அதுவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் வாசலில் நின்றதால். 2004 ஜூனில் போர் திரும்பியது. எல்லையைப் பூட்டுவது தவணை வாங்கித்தரும், கடனை அடைக்காது.

எல்லை என்பதை வரைபடத்துக் கோடாக மட்டும் பார்ப்பவருக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரொபொஸ்கி என்ற துருக்கி எல்லையோரக் கிராமத்துச் சனத்துக்கு அந்தக் கோடு சொந்தக்காரரின் வீட்டுக்கு நடுவே போனது. காலங்காலமாகப் போய்வந்த பாதையில் கோவேறு கழுதைகளை ஓட்டிப்போய், அப்பால் இருந்து டீசலும் சிகரெட்டும் கொண்டுவந்து பிழைத்தார்கள். 2011 டிசெம்பர் 28 இரவு, அப்படித் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் மேல் துருக்கியின் எப்-16 விமானங்கள் குண்டு போட்டன. செத்தவர்கள் 34 பேர். பெரும்பாலோர் பதின்வயதினரும் இளைஞரும். ஆயுததாரிகள் என்று நினைத்தோம் என்றார்கள். 2014 ஜனவரியில் இராணுவ வழக்குத்தொடுநர் வழக்கை மூடினார். எல்லைதாண்டிய துல்லியத் தாக்குதல் என்று கட்டுரையாளர் கையைத் தட்டும்போது இந்த 34 பேரும் எந்தப் பத்தியில் வருகிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். வரவில்லை.

ஈரானும் இதே வித்தையைக் காட்டியது. 2022 செப்டெம்பர் 16இல், சக்கிஸ் நகரத்துக் குர்திஷ் பெண் ஜீனா மஹ்சா அமீனி தெஹ்ரானில் பொலிஸ் காவலில் இறந்தார். நாடு முழுவதும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். புரட்சிக் காவற்படை என்ன செய்தது? அந்த மாதக் கடைசியில் ஈராக்கியக் குர்திஸ்தானில் இருந்த குர்திஷ் கட்சிகளின் முகாம்கள் மேல் ஏவுகணையும் ட்ரோனும் ஏவியது. காவலில் செத்தது தெஹ்ரானில். அடி விழுந்தது எல்லைக்கு அப்பால் கோயாவில். சொந்தத் தலைநகரில் எழுந்த கோபத்துக்கு அயல்நாட்டு முகவரி எழுதும் அரசுகள் இருக்கும்வரை, நம் கட்டுரையாளருக்கு உதாரணப் பஞ்சம் வராது.

2025க்கு வருவோம். ட்ரோன்களும் எல்லைக்கு அப்பால் அமைத்த தளங்களும் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியின் கழுத்தை நெரித்தது உண்மை. துருக்கிக்குள் அவர்கள் நடமாடவே முடியாமல் போயிருந்தது. அதை மறுப்பவன் வேறு உலகத்தில் இருக்கிறான். ஆனால் முடிவு எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். 2024 ஒக்டோபரில், ஒஜலானைத் தூக்கிலிட வேண்டும் என்று காலமெல்லாம் முழங்கிய கடுந்தேசியவாதத் தலைவர் தெவ்லெத் பாஹ்செலியே, அவர் பாராளுமன்றத்தில் வந்து பேசி அமைப்பைக் கலைக்கட்டும் என்று வாயைத் திறந்தார். குர்திஷ் ஆதரவு டெம் கட்சியின் தூதுக்குழு இம்ராலித் தீவுச் சிறைக்குப் போய்வந்தது. 2025 பெப்ரவரி 27இல் ஒஜலானின் அழைப்பு வாசிக்கப்பட்டது. மே மாதம் அமைப்பு தன்னைக் கலைப்பதாக அறிவித்தது. ஜூலையில் சுலைமானியா அருகே முப்பது பேர் தங்கள் துப்பாக்கிகளை நெருப்பில் இட்டார்கள். ஓகஸ்டில் துருக்கிப் பாராளுமன்றம் இதற்கென ஓர் ஆணைக்குழுவைக் கூட்டியது. படைபலமே போதுமென்றிருந்தால் இருபத்தாறு வருடமாகச் சிறையிலிருந்த ஒரு கிழவரின் கடிதம் எதற்கு? வென்றவன் தோற்றவனின் சிறைக்கதவைத் தட்டுவானா? பலம் ஆளை மேசைக்குக் கொண்டுவரும். மேசையில் வைக்க ஏதாவது இருக்க வேண்டும். துருக்கி என்ன வைக்கப்போகிறது என்பதில்தான் அடுத்த நாற்பது வருடம் தொங்குகிறது.

கடைசியாக எங்கள் வீட்டு விவகாரம். 2009க்குப் பிறகு துருக்கியிலும் சிலர் இலங்கை முறையைப் பேசினார்கள். 2011இல் கொழும்பில் நமது இராணுவமே பயங்கரவாதத்தை வென்ற அனுபவத்தை விளக்கப் பல நாட்டுப் படையினரை அழைத்து மாநாடு வைத்தது. கட்டுரையாளர் அந்த மாநாட்டுக்குப் பிந்திப்போனவர் மாதிரி எழுதுகிறார்.

புலிகளுக்கும் எல்லைக்கப்பால் ஒரு மறைவிடம் இருந்தது. 1983க்குப் பிறகு தமிழ்நாட்டில் பயிற்சியும் பணமும் ஆயுதமும் கிடைத்தன. அந்த மறைவிடம் 1991 மே 21இல், ராஜீவ் காந்தியைக் கொன்ற அன்றே செத்துப்போனது. அடுத்த வருடம் இந்தியா தடையும் போட்டது. கட்டுரையாளரின் சூத்திரப்படி புலிகள் அதோடு கரைந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? 1996இல் முல்லைத்தீவுப் படைமுகாம் விழுந்தது. 1998 ஜனவரி 25இல், கடுகண்ணாவையிலிருந்து சிறிது நேரப் பயணத்தில் இருக்கும் தலதா மாளிகையின் வாசலில் குண்டு நிரப்பிய லொறி வெடித்தது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்தது. 2001 ஜூலையில் கட்டுநாயக்கா விமான நிலையம் எரிந்தது. மறைவிடத்தை இழந்து ஒன்பது வருடம் கழித்துத்தான் அவர்கள் தங்கள் பலத்தின் உச்சியில் நின்றார்கள். அந்த மறைவிடம் இருந்தபோது ஒரு கெரில்லாக் குழு. அதை இழந்த பிறகு கடற்படையும் நீதிமன்றமும் வைத்திருந்த அமைப்பு. இந்த ஒரு வரிசையே அவருடைய முழுக் கட்டுரையையும் கவிழ்க்கப் போதும்.

எல்லை தாண்டி வந்து அடிக்கும் துணிவையும் நாங்கள் பார்த்தவர்கள். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தோடு உலகின் பெரும் படைகளில் ஒன்று பாக்கு நீரிணையைத் தாண்டி வந்தது. சமாதானத்துக்கு வந்து, ஒக்டோபரில் போரில் இறங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன் சிப்பாய்களைப் பறிகொடுத்து, 1990 மார்ச்சில் கப்பலேறியது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளரும் வைத்தியரும் கொல்லப்பட்டதுதான் சனத்தின் ஞாபகத்தில் மிஞ்சியது.

2009 மே மாதம் ஓர் அமைப்பு முடிந்தது. அதில் சந்தேகமில்லை. அந்த முடிவுக்கு முள்ளிவாய்க்காலில் சனம் கொடுத்த விலை நாற்பதாயிரம் உயிர்வரை இருக்கலாம் என்றது ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு. சரி, அமைப்பு முடிந்த பிறகு பிரச்சினை என்ன ஆனது? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் உட்கார்ந்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. 1979இல் தற்காலிகமாகக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் புலிகள் முடிந்த பிறகும் ஆட்களை உள்ளே போட்டுக்கொண்டிருந்தது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. வருடங்கள் பல ஓடியும் தேர்தல் வைக்கவில்லை. 2018 மார்ச்சில் இந்தக் கண்டி மாவட்டத்தில், திகனையில், முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகாலச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறன்று, முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அரசு தேவாலயங்களில் செத்த சனத்தை எண்ணியது. உலகத்துக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்திய நாட்டின் கதை இது.

மலையகத்தில் இருந்துகொண்டு எழுதுகிறவனுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. ஆயுதமும் எல்லைக்கப்பால் ஒரு முகாமும் தனிநாட்டுக் கோரிக்கையும் இல்லாத ஒரு சனத்தை அரசு எப்படி நடத்தும் என்பதற்கு நாங்களே உதாரணம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தமிழரைப் பிரஜாவுரிமை இல்லாதவர் ஆக்கியது. அடுத்த வருடம் வாக்கும் போயிற்று. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்குபிரித்தார்கள். குர்துகளுக்கும் இதே கதைதான்: 1962இல் சிரியா ஹசக்காவில் ஒரே நாள் குடிக்கணக்கெடுப்பு நடத்தி ஏறத்தாழ 1,20,000 குர்துகளின் பிரஜாவுரிமையைப் பறித்தது. அப்போது குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி பிறந்திருக்கவில்லை. கண்டீல் மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த மறைவிடத்துக்குப் பதிலாக இந்தப் பறிப்பு நடந்தது?

ஆயுதம் எடுக்காததால்தானே உங்களுக்குப் பிரஜாவுரிமை திரும்பக் கிடைத்தது என்று கட்டுரையாளர் குறுக்கிடலாம். கிடைத்தது, வேலைநிறுத்தத்தாலும் தொழிற்சங்கத்தாலும் பாராளுமன்றப் பேரத்தாலும் கிடைத்தது. கடைசிப் பெரிய சட்டம் வந்தது 2003இல். ஐம்பத்தைந்து வருடம்! அதற்குள் 1977, 1981, 1983 என்று ஒவ்வொரு கலவரத்திலும் லயன்கள் எரிந்தன. பிழைக்க வழியில்லாமல் எத்தனையோ குடும்பங்கள் மலையிறங்கி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 2009இல் அந்தக் கடற்கரை மணலில் செத்தவர்களில் அடக்கம். கண்டியில் தேயிலை பறித்த சனத்தை முள்ளிவாய்க்காலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது எந்த நாட்டு எல்லை?

ஆயுதத்துக்கு மாலை போட நான் வரவில்லை. 1987இல் பினார்ஜிக் கிராமத்தில் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி ஊர்க்காவலரோடு அவர்களுடைய பெண்களையும் பிள்ளைகளையும் கொன்றது. கிராமத்துப் பாடசாலை ஆசிரியர்களைக் கொன்றது. தன்னை விட்டுப்போன குர்துகளையும் கொன்றது. புலிகள் கட்டாயமாகப் பிடித்துப்போன பிள்ளைகளைப் பற்றியும் 1990இல் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்களைப் பற்றியும் தலதா மாளிகை வாசலில் செத்தவர்களைப் பற்றியும் பேசாமல் தமிழில் யாரும் இந்த விடயத்தை எழுதக்கூடாது. தன் சிப்பாயைச் சுடுகிறவனைத் தடுக்க அரசுக்கு உரிமை உண்டு. எல்லைக்கு அப்பாலிருந்து சுட்டாலும் உண்டு. கட்டுரையாளரோடு எனக்குள்ள சண்டை அதில் அல்ல. தடுப்பதைத் தீர்ப்பதாகக் காட்டுவதிலும், மருத்துவம் செய்ய மறுத்தவனின் குற்றத்தை நோயின் மறைவிடத்தின் மேல் போடுவதிலும்தான் சண்டை. எல்லையைக் குற்றவாளியாக்கினால் அரசுக்கு எவ்வளவு வசதி! சட்டத்தைத் திருத்த வேண்டாம், சிறையைத் திறக்க வேண்டாம், மொழியைப் பாடசாலைக்குள் விட வேண்டாம், பறித்த காணியைக் கொடுக்க வேண்டாம். விமானத்துக்கு எரிபொருள் நிரப்பினால் போதும்.

எனவே அவருடைய ஆலோசனையைச் சற்றுத் திருப்பிக் கேட்கிறேன். அங்காரா எங்களிடம் படிக்க வேண்டும் என்கிறார். என்ன பாடம் என்று சொல்லட்டும். துப்பாக்கி மௌனமான பிறகு அதிகாரத்தைப் பகிர்ந்துகொடுத்த பாடமா, காணாமல் போனவர் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பாடமா, சொந்த அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தை எழுதியபடி நடைமுறைப்படுத்திய பாடமா? இவற்றில் ஒன்றும் எங்களிடம் இல்லை. 2025இல் பாராளுமன்ற ஆணைக்குழுவைக் கூட்டிய துருக்கி, இலங்கையைப் பார்த்து ஒன்றை மட்டும் கற்கலாம்: ஆயுதம் கீழே விழுந்த நாளைப் பிரச்சினை தீர்ந்த நாளாக எண்ணி விழாக் கொண்டாடாதே. அந்தத் தவறைச் செய்த நாட்டிலிருந்து ஆசிரியர்களை அனுப்பி வைப்பதற்கு முன், கட்டுரையாளர் வசிக்கும் கொழும்பில் உள்ள அரசிடம் போய் மாகாண சபைத் தேர்தலுக்கு ஒரு திகதி கேட்டு வாங்கட்டும். வாங்கிய பிறகு அடுத்த கட்டுரையை எழுதலாம்; நானும் மறுபடி வாசிக்கிறேன்.